இடிக்கப்பட்ட கோபுரத்தின் வயது என்ன?

காரைக்கால் கடற்கரையில் நின்று தெற்கே பார்க்கும் ஒருவருக்கு எவ்வளவு தூரம் தெரியும்? பூமி உருண்டையானது என்பதால் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நம் கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று விடை வரும். நீர்விளிம்பில் நிற்கும் உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் சுமார் 4.5 கிலோமீட்டர். எதிரே இருக்கும் பொருளும் உயரமானதாக இருந்தால், அதற்குரிய தூரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 20 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்துக்கு அது 16 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்தால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கை எதற்காகச் சொல்கிறேன் தெரியுமா? காரைக்காலுக்குத் தெற்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், நாகூரைத் தாண்டி, நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே ஒரு செங்கல் கோபுரம் நின்றது. கரையோரமாகப் போய்வந்த கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் உயரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மரங்களும் மங்கலும் மறைக்காத ஒரு நாளில் அதன் உச்சி காரைக்கால் கரையிலிருந்தே கண்ணுக்கு எட்டியிருக்கலாம். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர் கைக்கும், 1781இல் ஆங்கிலேயர் கைக்கும் போன ஊர். ஆள்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோபுரம் நின்றுகொண்டே இருந்தது. 1867ஆம் ஆண்டில் அதை இடித்துவிட்டார்கள்.

அது எந்தக் கோபுரம்? யார் கட்டியது? எப்போது கட்டியது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை கிடையாது. விடை அந்தக் கோபுரத்திலேயே இருந்தது என்பதும், அதைப் படிக்கத் தெரியாத காலத்தில் அதை அழித்துவிட்டோம் என்பதும் என் கருத்து. இப்போது அதைப் படிக்கத் தெரியும். ஆகவே எஞ்சியிருக்கும் செங்கல்லையாவது விட்டுவிடக் கூடாது. ஏன் என்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

எலியட் கண்டது

அக்கோபுரத்தை நேரில் பார்த்து எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் சர் வால்டர் எலியட். சென்னை அரசில் அதிகாரியாக இருந்தவர். அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவரும் இவரே. 1846இல் நாகப்பட்டினம் கோபுரத்தைப் பார்த்த இவர், அது இடிக்கப்பட்ட பிறகு 1878இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் தரும் விவரங்களைக் கொண்டு நாம் கோபுரத்தை மனத்தில் மீண்டும் எழுப்பிப் பார்க்கலாம்.

ஏறக்குறைய சதுரமான அடித்தளம். மூன்று நிலைகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கதவோ சன்னலோ இருந்ததற்கான திறப்பு. கீழ்நிலைக்கும் நடுநிலைக்கும் இடையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு வேலைப்பாடு. உட்சுவரில், முதல் நிலை முடியும் உயரத்தில், மேல்தளம் பொருத்தப்பட்டிருந்த தடங்கள். உச்சியில் கூரை இல்லை, வானம் தெரிந்தது. தரையையொட்டிய மூலைகள் மட்டும், போகிற வருகிற வண்டிகளும் மாடுகளும் உரசி உரசித் தேய்ந்திருந்தன. மேலே சுவர் உறுதியாக இருந்தது. சிற்பமோ கல்வெட்டோ எதுவும் கண்ணில் படவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. செங்கற்கள் சாந்து இல்லாமல், ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்தும்படி அடுக்கப்பட்டிருந்தன! சாந்தே இல்லாமல் மூன்று நிலைக் கோபுரம் எப்படி நிற்கும் என்று நீங்கள் கேட்கலாம். செங்கல்லை நசுக்குவது கடினம். இழுத்துப் பிரிப்பதுதான் எளிது. சுவர் தடிமனாகவும் நேர்குத்தாகவும் இருந்தால், மேலிருக்கும் எடை முழுவதும் கீழ்நோக்கி அமுக்கிக்கொண்டே இருக்கும். பிரித்து இழுக்கும் விசை அங்கே எழ இடமில்லை. செங்கல்லின் முகங்களைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டால் எடை ஒரே சீராகப் பரவும். ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் குவிந்து விரிசல் விடாது. பத்துப் பதினைந்து தடிமனான புத்தகங்களைப் பசையில்லாமல் அடுக்கிப் பாருங்கள். அடுக்கு நேராக இருக்கும்வரை அது விழுவதில்லை. கொத்தனாரின் கை எவ்வளவு துல்லியமானதாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

காவிரிப் படுகையில் மலை கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லை வெகு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. கடற்கரையில் கட்டுபவர்களுக்குக் காலடியில் கிடைத்த கட்டடப் பொருள் களிமண் ஒன்றுதான். அதைச் சுட்டால் செங்கல். அந்தக் காலத்தில் சுட்ட செங்கல்லும் எல்லோருக்கும் வாய்த்ததல்ல. அதைக் கொண்டு மாடமாளிகை எழுப்பிக்கொள்ளும் உரிமையைச் சோழர் காலச் சாசனங்கள் ஒரு தனிச் சலுகையாகவே குறிப்பிடுகின்றன.

இரண்டு உரிமையாளர்கள்

இக்கோபுரத்தைச் சொந்தம் கொண்டாட வரலாற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் கடல் கடந்த அரசர். இன்றைய சுமத்திராவை மையமாகக் கொண்டு கப்பல் வழிகளை ஆண்டது ஸ்ரீவிஜயப் பேரரசு. கடாரம் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அந்நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரையை எழுப்பத் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்துத் தந்தை பெயரையே அதற்குச் சூட்டினான். அதுதான் சூளாமணி விகாரை. சிவபக்தனான முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான்.

மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழியில், 16 தமிழில். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். இன்றைய வழக்கிலுள்ள வேலிக் கணக்கில் ஏறத்தாழ 640 ஏக்கர். அதிலிருந்து விகாரைக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 3 நாழி. மூன்று நாழியைக் கூட விடவில்லை பாருங்கள்! விகாரையின் உயரத்தை வடமொழிப் பகுதி மேருமலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறது. நெல்லுக்கு நாழிக் கணக்குச் சொன்னவர்கள் கட்டடத்துக்கு முழக்கணக்குச் சொல்லாமல் போனது நமக்கு நஷ்டம்தான்.

இந்த ஏடுகள் டச்சுக்காரர் காலத்தில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. 1862இல் ஹாலந்திலுள்ள லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அதனால்தான் தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் வயல் எல்லையைச் சொல்லும் ஆவணத்துக்கு ‘லெய்டன் செப்பேடு’ என்று பெயர் வந்தது. ஆனைமங்கலம் செப்பேடு என்றும் அதைச் சொல்வதுண்டு. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர் பக்கம் இருக்கிறது.

கடல் கடந்த மன்னனுக்கு நாகப்பட்டினத்தில் என்ன வேலை? காற்றைக் கேளுங்கள், அது சொல்லும். பாய்மரக் கப்பலுக்குப் பருவக்காற்றுதான் எரிபொருள். ஒரு காற்றில் வந்த கப்பல், எதிர்க்காற்று எழும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். வணிகர்களும் மாலுமிகளும் துறவிகளும் தங்க வேண்டும், வழிபட வேண்டும். ஸ்ரீவிஜய மன்னர்கள் இப்படிச் செய்தது நாகையில் மட்டுமல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அதே நாட்டு மன்னன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரை கட்டினான். வங்காளத்துப் பால மன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தான். 1003இல் சூளாமணிவர்மன் சீனப் பேரரசருக்காகத் தன் நாட்டில் ஒரு புத்தர் கோயில் எழுப்பி, அதற்குப் பெயரும் மணியும் கேட்டுத் தூதனுப்பினான் என்று சீன வரலாறு கூறுகிறது. சோழனிடம் ஓர் ஊர், சீனரிடம் ஒரு மணி! கடல் வாணிகத்தின் இரு முனைகளிலும் நட்பைப் பெற அவன் கண்ட வழி இது. அந்த நட்பு நீடிக்கவில்லை. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. ஆனால் விகாரை அழியவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, விகாரை நிலங்களின் சலுகைகளை உறுதிப்படுத்தி மூன்று ஏடுகளில் எழுதிக் கொடுத்தான். சிறிய லெய்டன் செப்பேடு என்பது அதுவே.

இரண்டாவது உரிமையாளர்கள் சீனர்கள். பதினான்காம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் என்ற சீனர், இக்கரையில் செங்கல்லால் கட்டிய ஒரு கோபுரம் இருந்ததாகவும், அதன் மீது சீன எழுத்துகள் இருந்ததாகவும் எழுதினார். அந்த எழுத்துகள் காட்டிய ஆண்டு நம் கணக்கில் 1267. பின்னர் 1476இல் பர்மாவின் பெகு நகரத்து மன்னன் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டில் இன்னொரு சான்று. கப்பல் உடைந்து கரையேறிய பர்மியத் துறவிகள் சிலர் நாகப்பட்டினத்துக்கு நடந்து போய், சீன நாட்டு மன்னன் கட்டளையால் அமைக்கப்பட்ட இடத்திலிருந்த புத்தரை வணங்கினார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஐரோப்பியர் அதைச் ‘சைனா பகோடா’ என்றே அழைத்தார்கள். உள்ளூர்ப் பெயர் புதுவெளிக் கோபுரம். கடல் வரைபடத்தில் இருந்ததோ ‘ஜைன’ பகோடா! சைனா, ஜைனா என்ற இரண்டு சொற்களையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். காதில் விழுந்ததை எழுதுவோர் கையில் ஒரு மதமே மாறிவிடும். பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுதக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் இது.

ஆக, எலியட் கண்டது 1006ஐச் சேர்ந்த கோபுரமா, 1267ஐச் சேர்ந்ததா? அறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். உள்ளே வெற்றிடம், மரத்தளம், ஒவ்வொரு நிலைக்கும் திறப்புகள் என்ற அமைப்பு சீனச் செங்கல் பகோடாக்களை நினைவூட்டுவது உண்மை. ஆனால் உள்ளே கூடாக விட்டு மேலே எழுப்பும் கலை சோழநாட்டுக்குப் புதியதல்ல. பெரிய கோயில் விமானமே உட்கூடானதுதான். ஒரு விகாரை என்றால் துறவிகள் தங்கும் அறைகள், வழிபாட்டு இடம், குளம், தோட்டம் என்று பல இருந்திருக்கும்; கோபுரம் அதில் ஒன்றாகலாம், அதன் பக்கத்தில் பின்னால் எழுந்ததாகவும் இருக்கலாம். வாதத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது.

செங்கல்லுக்குள் ஒரு கடிகாரம்

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். செங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற தாதுக்களின் நுண்மணிகள் கலந்திருக்கின்றன. களிமண்ணிலும் சுற்றுப்புறத்திலும் மிகச் சிறிய அளவில் யுரேனியம், தோரியம், கதிரியக்கப் பொட்டாசியம் ஆகியவை உண்டு. இவை வெளிவிடும் கதிர்கள் தாதுமணிகளில் உள்ள எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அப்படித் தட்டுப்பட்ட எலெக்ட்ரான்களில் சில, படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு சிக்குவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

மணியைச் சூடாக்கினால் என்ன ஆகும்? சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டுத் தம் பழைய இடத்துக்குத் திரும்பும். அப்போது மெல்லிய ஒளி வெளிவரும். சூளையில் சுடும்போது களிமண்ணில் அதுவரை சேர்ந்திருந்தது முழுவதும் இப்படி வெளியேறிவிடுகிறது. அதாவது சூளையில் கடிகாரம் பூஜ்யத்துக்கு வருகிறது. அதன் பிறகு சேர்ந்ததைத்தான் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் சூடாக்கி, ஒளியாக அளக்கிறார்கள். இதற்கு வெப்ப ஒளிர்வு முறை என்று பெயர். 1960களில் ஆக்ஸ்போர்டு ஆய்வுக்கூடத்தில் இது பழம்பொருள் ஆய்வுக்கு ஏற்றபடி வளர்க்கப்பட்டது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். கதிர்வீச்சை ஏற்கும் அளவுக்குக் ‘கிரே’ என்பது அலகு. ஒரு செங்கல் ஆண்டுக்கு 4 மில்லிகிரே ஏற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடம் அதில் 4.08 கிரே சேர்ந்திருப்பதாகக் கண்டால், 4.08ஐ 0.004ஆல் வகுக்க 1,020 ஆண்டுகள். அது இராசராசன் காலத்துச் செங்கல். 3.04 கிரே என்று கண்டால் 760 ஆண்டுகள். சீன எழுத்துகள் காட்டிய காலம். இம்முறையில் நூற்றுக்கு ஏழு அளவு பிழை வரும் என்று கொண்டால், முதலாவதில் 71 ஆண்டு, இரண்டாவதில் 53 ஆண்டு முன்பின்னாகும். முதல் விடையின் குறைந்த எல்லை 949. இரண்டாம் விடையின் மேல் எல்லை 813. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை! நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஒரு வாதத்தைத் தீர்த்துவைக்கும் வல்லமை சில கிராம் செங்கல் தூளுக்கு இருக்கிறது.

கவனிக்க வேண்டியதும் உண்டு. சூளை நெருப்பைத்தான் செங்கல் நினைவில் வைத்திருக்கும். கொத்தனாரின் கையை அல்ல. பழைய விகாரை ஒன்றின் செங்கல்லை எடுத்துப் புதுக் கோபுரம் கட்டியிருந்தால், கட்டடத்தின் வயதை விட அதிக வயது காட்டும். பின்னால் பெருந்தீயில் வெந்திருந்தால் வயது குறைந்துவிடும். ஆகவே ஒரு செங்கல் போதாது. அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, உச்சியிலிருந்து ஒன்று என்று எடுத்து ஒப்பிட வேண்டும். எது எங்கே இருந்தது என்ற குறிப்பும் வேண்டும். 1867இல் நாம் இழந்தது அந்தக் குறிப்பைத்தான்.

அன்று நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திவந்த பிரெஞ்சு நாட்டு ஏசு சபைப் பாதிரியார்கள், சென்னை அரசின் அனுமதியுடன் கோபுரத்தை இடித்துச் செங்கல்லைத் தங்கள் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினர். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அனுமதி தந்தது அரசு. இந்தியத் தொல்பொருள் ஆய்வுக்கென்று 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் நியமிக்கப்பட்டது வடநாட்டுக்கு. அந்தப் பதவியும் 1866இல் எடுக்கப்பட்டு 1871இல்தான் மீண்டும் வந்தது. கோபுரம் விழுந்தது சரியாக அந்த இடைவெளியில்! பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904இல் வந்தது. கதிரியக்கம் என்ற ஒன்று உண்டு என்பதே 1896இல்தான் தெரியவந்தது. அப்படியிருக்க, சிற்பமும் கல்வெட்டும் இல்லாத மொட்டைச் சுவருக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 1867இல் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நமக்குத் தெரியும். ஆகவே நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது. ‘எல்லாப் பழஞ்சுவரையும் காப்பாற்ற முடியுமா? மனிதர்களுக்கு வீடும் பள்ளியும் வேண்டாமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு நாள் செலவழித்து அளந்து, படமெடுத்து, ஒவ்வொரு நிலையிலிருந்தும் இரண்டிரண்டு செங்கல்லை எண்ணிட்டு எடுத்து வைக்க முடியும். நாகைக் கோபுரத்துக்குப் படம் இருக்கிறது. காகிதத்தில் வரைந்த செங்கல்லுக்குள் குவார்ட்ஸ் இல்லை.

மண்ணுக்கடியிலிருந்து வந்த சாட்சிகள்

கோபுரம் போனாலும் மண் சும்மா இருக்கவில்லை. 1856இல் அப்பகுதியில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது, அதனடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஐந்து புத்தர் உருவங்கள் கிடைத்தன. அதிலிருந்து 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350. அவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்காக ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் 1954இல் ஒரு நூல் வெளியிட்டார். சில உருவங்களின் பீடத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. சோழர் காலத்தவையும் உண்டு. சோழர் மறைந்து வெகு காலத்துக்குப் பிந்தியவையும் உண்டு. ஏழாம் நூற்றாண்டோடு பௌத்தம் தமிழகத்தில் மறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடும் பாடங்களை இந்த 350 உருவங்களும் ஒப்புக்கொள்ளா.

காரைக்கால் மாணவர்களே, உங்கள் ஊர் இரண்டு விகாரைகளுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே பூம்புகாரில், மேலையூர் பல்லவனீச்சரத்தில், 1960களில் தொல்பொருள் துறையினர் தோண்டி ஒரு செங்கல் விகாரையின் அடித்தளத்தையும் புத்தர் பாதத்தையும் வெளிப்படுத்தினர். அங்கே சுவரின் அடி இருக்கிறது. யார் கட்டியது என்று சொல்லும் சாசனம் இல்லை. தெற்கே நாகையில் நெல்லின் நாழிக் கணக்கு வரை சாசனம் இருக்கிறது, சுவர் இல்லை. இடையில் உங்கள் பகுதியிலும் பௌத்தர்கள் வாழ்ந்தனர் என்பதைப் பெரியபுராணம் காட்டுகிறது. சம்பந்தர் தெளிச்சேரியை வழிபட்ட பின் பௌத்தர் வாழ்ந்த போதிமங்கையை அடைந்ததாக அது கூறுகிறது. தெளிச்சேரி என்பது காரைக்கால் கோயில்பத்துதான். அந்தப் போதிமங்கையில் கட்டடம் இருந்திருந்தால் அதுவும் செங்கல்லாகத்தான் இருந்திருக்கும்.

குளம் வெட்டும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது, ஆற்றங்கரை சரியும்போது பழைய செங்கல் தென்படுவது டெல்டாவில் புதிதல்ல. பெரும்பாலும் அது உடைத்துப் போடப்பட்டுப் பாதைக்கு ஜல்லியாகிவிடுகிறது. அடுத்த முறை அப்படி ஒன்றைக் கண்டால் தோண்டாதீர்கள், பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். இடத்தைவிட்டு நகர்ந்த செங்கல் பாதிச் சாட்சிதான். ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, முழுதாகத் தெரியும் பத்துச் செங்கற்களின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து சராசரி எடுங்கள். பழைய செங்கல் பொதுவாக நம் காலத்துச் செங்கல்லைவிடப் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கும்; கீழடியில் கிடைத்தவற்றின் அளவு 38 செ.மீ., 23 செ.மீ., 6 செ.மீ. என்று சொல்லப்படுகிறது. அளவு மட்டும் காலத்தை நிர்ணயித்துவிடாது. ஆனால் ஆய்வாளர் வந்து பார்க்கத் தகுந்த சுவரா என்று அறிய அது போதும். சாந்து இருக்கிறதா, மண்ணால் ஒட்டியிருக்கிறதா, எதுவுமே இல்லையா என்று பாருங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறியுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்தே படமெடுங்கள். ஊர், தெரு, தேதி எழுதி, ஒரு பிரதியைப் பள்ளியில் வைத்துவிட்டு மற்றொன்றை ஆசிரியர் மூலம் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள்.

நாகப்பட்டினத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. 1867இல் இடித்த செங்கல் மீண்டும் சுவராகியது என்றேன் அல்லவா? இடம் மாறினால் கடிகாரம் நின்றுவிடுவதில்லை. சுற்றுப்புறக் கதிர்வீச்சு சற்று மாறும். அதற்குத் திருத்தம் செய்யும் வழி ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஊரிலுள்ள பழைய கட்டடங்களில் 1867ஐ ஒட்டி எழுந்தவை எவை, அவற்றில் காரை பெயர்ந்த இடத்தில் தெரியும் செங்கல் மற்றச் சுவர்களில் உள்ளதைவிடப் பெரியதா, முகம் தேய்த்து மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பட்டியலெடுக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கட்டட உரிமையாளரின் அனுமதியும், ஓர் அளவுகோலும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.